தருமபுரியிலிருந்து இன்னொரு தண்டவாளம்: எங்கே போட்டால் லாபம்?

2021 நவம்பரில், சேலம்–தருமபுரி பாதையில் தொப்பூருக்கும் சிவாடிக்கும் நடுவே, கண்ணூரிலிருந்து யஷ்வந்த்பூர் போய்க்கொண்டிருந்த விரைவு ரயில், மலைச்சரிவிலிருந்து உருண்ட பாறைகளால் தடம்புரண்டது. அப்படியொரு நாளில் தருமபுரியிலிருந்து ரயிலிலேயே சேலம் போக வழியுண்டா? உண்டு. ஓசூர், பெங்களூரு, ஜோலார்பேட்டை, மொரப்பூர், பிறகு சேலம். தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கேள்வியைக் கேட்டதுமே கோட்டுருவியல் (graph theory) என்ற கணிதப் பிரிவுக்குள் கால் வைத்துவிட்டோம். ஊர் ஒரு முனை, இரண்டு ஊரை இணைக்கும் பாதை ஒரு விளிம்பு. எது எதோடு சேர்ந்திருக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு தூரம், வளைவு, மேடு எல்லாவற்றையும் ஒதுக்கிவிடலாம். பாலக்கோடு, ராயக்கோட்டை போல வழியில் வரும் நிலையங்களும் விளிம்புக்குள் கரைந்துவிடும். மேலே சொன்ன ஆறு ஊர்களும் ஆறு விளிம்புகளும் சேர்ந்து ஒரு வளையமாகின்றன. கிருஷ்ணகிரி நகரம்? அதற்கு ரயில் கிடையாது. கோட்டுருவில் அது விளிம்பே இல்லாத தனித்த முனை.

ஆறு ஊரை இணைக்க ஐந்து விளிம்பே போதும். சுற்று இல்லாத அந்த அமைப்புக்கு ‘மரம்’ என்று பெயர். செலவு மிகக் குறைந்த மரத்தைக் கண்டுபிடிக்கும் முறையை 1926-இல் செக் கணிதவியலாளர் ஒட்டக்கார் போருவ்கா வெளியிட்டார். மொராவியாவுக்கு மின்கம்பி இழுக்கும் வேலைதான் அதற்குத் தூண்டுகோல். மரம் மலிவுதான். ஆனால் எந்த விளிம்பு அறுந்தாலும் வலை இரண்டாகப் பிளந்துவிடும். ஆறாவது விளிம்பு வளையத்தை மூடியதும் ஓர் அறுப்பைத் தாங்கும் வலு வந்துவிடுகிறது. இரண்டு அறுந்தால்? ஆறு விளிம்பில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 15 வழிகள் உண்டு. பதினைந்திலும் வலை உடையும்.

இனிமேல்தான் கணக்கு சுவைக்கிறது. மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையே 1906-இலேயே நேரோ கேஜ் எனும் அகலம் குறைந்த தண்டவாளத்தில் ரயில் ஓடியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது போய்விட்டது. புதிய பாதைக்கு 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். இந்த இரண்டு ஊருக்கும் இடையே சேலம் வழி ரயிலில் போனால் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். அதனால் எல்லோரும் இதைக் குறுக்குவழி என்றே பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. வளையத்துக்குள் இப்படி ஒரு நாண் விழுந்ததும் விளிம்புகள் ஏழு, இரண்டிரண்டாக அறுக்கும் வழிகள் 21. அவற்றில் வலையை உடைப்பவை 7 மட்டுமே. மற்ற 14-இலும் ஏதோ ஒரு பக்கம் வழி இருக்கும்.

அடுத்தது, நெடுநாளாகக் கேட்கப்படும் ஓசூர்–கிருஷ்ணகிரி–ஜோலார்பேட்டை பாதை. அதையும் வரைந்துகொள்ளுங்கள். இப்போது முனைகள் ஏழு, விளிம்புகள் ஒன்பது, இரட்டை அறுப்புகள் 36. வலையை உடைப்பவை நான்கே. சேலத்தை ஒட்டிய இரண்டும் அறுவது, பெங்களூருவை ஒட்டிய இரண்டும் அறுவது, கிருஷ்ணகிரியை ஒட்டிய இரண்டும் அறுவது. நான்காவது கொஞ்சம் ஒளிந்திருக்கிறது: தருமபுரி–ஓசூர், மொரப்பூர்–ஜோலார்பேட்டை இரண்டும் ஒன்றாக அறுந்தால் தெற்கு வேறு, வடக்கு வேறு.

இந்தப் பட்டியல் கையில் இருந்தால் அடுத்த விளிம்புக்கான இடத்தை ஊகிக்க வேண்டியதில்லை. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு கோடு இழுத்தால் மூன்றாவது ஓட்டையும் அடைபடும், நான்காவதும் அடைபடும். சாலை வழியே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ரயில் கேட்பவர்கள் கூட்ட நெரிசலையும் வியாபாரத்தையும்தான் சொல்வார்கள். ஒரே கோட்டில் இரண்டு ஓட்டை அடைபடுவதை மனுவில் எழுதியவரை நான் பார்த்ததில்லை.

மிச்சம் சேலமும் பெங்களூருவும். தாளில் அவை இரண்டையும் நேரே இணைத்தால் மொத்தம் 11 விளிம்புகள். எந்த இரண்டை அறுத்தாலும் வலை உடையாது. இதைவிடக் குறைவாக முடியுமா? முடியாது. இரண்டு அறுப்பைத் தாங்க ஒவ்வொரு முனையிலும் குறைந்தது மூன்று விளிம்பாவது வேண்டும். ஏழு முனைக்கு 21 நுனிகள், விளிம்புக்கு இரண்டு நுனி, ஆக பத்தரை. பாதித் தண்டவாளம் போட முடியாது என்பதால் 11. எத்தனை முனையானாலும், எத்தனை அறுப்பைத் தாங்க வேண்டுமானாலும், இந்தக் குறைந்தபட்ச எண்ணிக்கையிலேயே வலையைக் கட்டும் செய்முறையை 1962-இல் பிராங்க் ஹராரி கொடுத்தார்.

உண்மையில் அந்தப் பதினோராவது கோடு தேவைப்படாது. சேலத்திலிருந்து ஈரோட்டுக்கும் கரூருக்கும், பெங்களூருவிலிருந்து மைசூருக்கும் தும்கூருக்கும் பாதைகள் ஏற்கெனவே போகின்றன. என் படத்தில்தான் அவை இல்லை.