ஜெல் பேனாவுக்கும் பசைக்கும் என்ன உறவு?

"தினசரி ஓட்டுநருக்கு நம்பகமான பசைப் பேனா எது?" என்று ஒரு கட்டுரைத் தலைப்பைப் பார்த்ததும் டாக்ஸிக்காரர்கள் டிரிப் ஷீட் எழுதுகிற பேனாவைப் பற்றியோ என்று நினைத்துவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது, தினமும் புழங்குகிற பொருளை ஆங்கிலத்தில் 'டெய்லி டிரைவர்' என்பதை அப்படியே தமிழாக்கியிருக்கிறார்கள்; தினமும் எழுத ஒரு ஜெல் பேனாவாம். புழங்குகிற பாத்திரம், புழங்குகிற செருப்பு என்று பேசுகிற நமக்கு ஒரு பேனாவைப் புழங்கத் தெரியாதா? சரி, ஓட்டுநரை விடுங்கள், பசைக்கு வருகிறேன்.

ஜெல் என்பது ஜெலட்டினை வெட்டிச் செய்த சொல். வெட்டியவர் 19ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரகாம். இலத்தீன் வேருக்கு உறைதல் என்று பொருள். 1984இல் ஜப்பானின் சகுரா நிறுவனம் ஜெல் மையைப் பேனாவில் அடைத்து விற்கத் தொடங்கியது. பேனா போர்த்துகீசியம், இறகு என்று அர்த்தம். அதற்குத் தமிழில் தூவல் என்றாலும் அதே இறகுதான், ஆகவே அந்தச் சண்டை எனக்கு வேண்டாம்.

பசை என்றால் ஒட்டுவது. மகளின் பள்ளிப் பொருள் பட்டியலில் 'பசைப் பேனா 2' என்று இருந்ததைக் கடையில் காட்டினேன், கடைக்காரர் இரண்டு கோந்துக் குச்சியை எடுத்து வைத்தார். அவர் செய்ததுதான் சரி! ஜெல் மையில் கெட்டியாக்குவதற்குச் சாந்தன் பிசின் சேர்ப்பதுண்டே என்பார்கள். ஐஸ்கிரீமிலும்தான் அதைச் சேர்க்கிறார்கள், பசைக்கட்டி என்றா கேட்டு வாங்குகிறோம்? அதோடு, பசை மாதிரி கெட்டியான எண்ணெய் மை இருப்பது சாதாரண பால்பாயின்ட் பேனாவில். ஜெல் மை தண்ணீரில் கலந்தது. சும்மா இருக்கும்போது இறுகியிருக்கும், முனையில் குண்டு உருண்டதும் இளகி ஓடும், தாளில் விழுந்ததும் மறுபடி இறுகும். பானையில் கெட்டிப்பட்ட கம்மங்கூழை அகப்பையால் கிண்டிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அப்படியானால் 'கூழ்மப் பேனா' சரிதானே என்று அடுத்த கோஷ்டி வரும். வேதியியல் பாடத்தில் கூழ்மம் என்பது பெரிய குடும்பம். பாலும் கூழ்மம், மூடுபனியும் கூழ்மம். ஜெல் அதில் ஒரு பிள்ளை, அவ்வளவுதான். பிள்ளையைக் கூப்பிட வம்சத்தின் பேரையா சொல்வார்கள்? அந்த 'ம'வுக்கு ஒரு ஐகாரம் போட்டால் போதும்: கூழ்மைப் பேனா. கூழாக இருக்கும் மை. 'கூழ்த்தன்மை' என்று படித்தாலும் பொருள் கெடவில்லை. இவ்வளவு பக்கத்தில் இருந்த சொல்லை விட்டுவிட்டு, அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்களுக்குத்தான் உண்மையில் பசை தேவைப்படுகிறது.

எழுத்தில் கூழ்மைப் பேனா என்று எழுதுங்கள். கடையில் ஜெல் பேனா என்றே கேளுங்கள், இல்லாவிட்டால் கடைக்காரர் விழிப்பார். பொடி எழுத்து என்றால் 0.5 மி.மீ. முனை, பட்டையாக எழுதுகிறவர்களுக்கு 0.7. ரீஃபில் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு, துண்டுத்தாளில் ஒரு வரி எழுதி உடனே விரலால் தேயுங்கள். இழுவினால் வேறு எடுக்கச் சொல்லுங்கள், இடதுகைக்காரர்கள் கட்டாயம்.