கால்சியம் மாத்திரை என்று ஒரு பொய்

தை, ஆவணி நெருங்கினால் என் மனநலப் புறநோயாளிகள் பிரிவில் ஒரு கேள்வி கூடிவிடும். பெரும்பாலும் அம்மாக்கள்தான் கேட்பார்கள். மகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கதவைப் பாதி சாத்திக்கொண்டு: "டாக்டரம்மா, கல்யாணம் முடிஞ்சு ஒரு மூணு மாசத்துக்கு மட்டும் மாத்திரையை நிறுத்திக்கலாமா?"

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. 'நரம்பு டாக்டர்கிட்ட போறோம்' என்று சொல்லித்தான் வீட்டிலிருந்தே கிளம்புகிறார்கள். தெரிந்தவர் கண்ணில் படாமல் இருக்க இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள் உண்டு.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றி. 26 வயது. பைபோலார் என்கிற இருமுனைக் கோளாறு: மனம் ஒரு சமயம் அளவுமீறிய உற்சாகத்துக்கும், இன்னொரு சமயம் ஆழ்ந்த சோர்வுக்கும் போகும் நோய். மூன்று ஆண்டுகளாக மருந்தில் நன்றாக இருந்தாள், வேலைக்கும் போய்க்கொண்டிருந்தாள். கல்யாணத்தின்போது அம்மா மாத்திரைகளைப் பிரித்து, கால்சியம் டப்பா ஒன்றில் போட்டுக் கொடுத்தனுப்பினார். "என்ன அண்ணி, தினமும் கால்சியமா?" என்று நாத்தனார் சாதாரணமாகக் கேட்ட அன்றே டப்பா பெட்டியின் அடிக்குப் போய்விட்டது. சில நாளில் தூக்கம் குறைந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பாத்திரம் தேய்த்தாள். மாமியாருக்கு முதலில் சந்தோஷம்தான், எவ்வளவு சுறுசுறுப்பான மருமகள் என்று! அப்புறம் பேச்சு நிற்கவில்லை. வளையலைக் கழற்றி எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். மந்திரிக்க ஓரிடம், தாயத்துக்கு ஓரிடம் என்று சுற்றிவிட்டு எங்களிடம் வந்தபோது மூன்று வாரம் ஓடியிருந்தது. கணவர் நோயைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. "கால்சியம்னு சொன்னாங்களே" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தது வால்ப்ரோயேட், மனநிலையைச் சீராக வைக்கும் மாத்திரை. எழுதியது நான்தான். கருவின் முதுகுத்தண்டு வளர்ச்சியையும், பின்னாளில் குழந்தையின் அறிவு வளர்ச்சியையும் பாதிக்கக்கூடிய மருந்து. கல்யாணப் பேச்சு எடுத்தபோதே தெரிந்திருந்தால் வேறு மருந்துக்கு மாற்றியிருப்பேன். முன்கூட்டியே நானும் கேட்டிருக்க வேண்டும். இப்போதெல்லாம் முதல் நாளே கேட்டுவிடுகிறேன். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் இந்த நோய் திரும்பும் ஆபத்து அதிகம். மறைத்து வாழ்கிற பெண்ணுக்கு அந்த நேரத்தில் யார் கண் வைத்துப் பார்ப்பார்கள்?

முகூர்த்தம் இன்னொரு சிக்கல். முதல் நாள் ரிசப்ஷன் முடியப் பதினொரு மணி ஆகும். விடியற்காலை நாலரை முகூர்த்தத்துக்கு இரண்டு மணிக்கே அலங்காரம் தொடங்கிவிடும். தூக்கம் கெடுவது இருமுனைக் கோளாறைக் கிளப்பிவிடும். மாப்பிள்ளை வீட்டுக்கும் விஷயம் தெரிந்திருந்தால் ஒன்பது மணி முகூர்த்தமாகக் கேட்டு வாங்கலாம். ஜோசியர் கொடுக்காமலா போவார்?

'கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும்' என்று ஒரு பழமொழி. முதல் பாதியை நம்பிக் கால்கட்டு போடுகிறவர்களும், இரண்டாம் பாதிக்குப் பயந்து மறைக்கிறவர்களும் என்னிடம் வருகிறார்கள். சில சமயம் இருவரும் ஒரே வீட்டில்.

சட்டம் நாம் பயப்படுகிற அளவுக்கு இல்லை. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் 1999 வரை வலிப்பு நோயைக்கூடத் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்தது, பிறகுதான் நீக்கினார்கள். மனநோயைப் பொறுத்தவரை, முறையான சம்மதம் கொடுக்க முடியாத மனநிலையிலோ, மணவாழ்வுக்கும் குழந்தைப்பேற்றுக்கும் தகுதியில்லாத அளவுக்கோ, திரும்பத் திரும்பப் புத்தி பேதலிக்கும் அளவுக்கோ இருந்தால்தான் தடை. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்று ஒரு பெயர் சூட்டிவிட்டதாலேயே விவாகரத்து கிடைத்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1988இலேயே சொல்லிவிட்டது. ஆனால் முக்கியமான ஒரு விஷயத்தை மறைத்துச் செய்த கல்யாணத்தை, மோசடி என்று சொல்லி ரத்து செய்யக் கேட்க அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்தப் பெண்ணின் வழக்கு இப்போது அப்படித்தான் நடக்கிறது.

பரம்பரையாக வருமா என்பார்கள். பெற்றோரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 10 சதவீதம். மற்ற 90ஐ யாரும் எண்ணுவதில்லை.

சரி, எப்போது சொல்வது? ஜாதகம் பொருந்தி, இரு வீட்டாருக்கும் பிடித்துப்போன பிறகு, நிச்சயதார்த்தத்துக்கு முன்னால். தரகர் மூலமாக வேண்டாம், பெண்ணோ பையனோ தானே சொல்லட்டும்: என்ன நோய், என்ன மருந்து, எத்தனை வருஷமாக நன்றாக இருக்கிறேன் என்று. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, சட்டமே விதிவிலக்கு கொடுத்திருக்கும் சில சூழ்நிலைகள் தவிர, அவர்கள் சம்மதம் இல்லாமல் நான் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. நேரில் வர முடியாதவர்கள் அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே. சொன்னால் சில வரன்கள் தட்டிப்போகும். போகாது என்று நான் யாருக்கும் உறுதி கொடுப்பதில்லை.

போன மாதம் ஓர் அப்பா மகளோடு வந்தார். இரண்டு இடத்தில் உண்மையைச் சொல்லி, இரண்டும் கைவிட்டுப் போயிருந்தது. மூன்றாவது பையன் வராந்தாவில் நிற்பதாகச் சொன்னார். "நானே பேசுறேன் மேடம், அவர் கேக்குற சந்தேகத்துக்கு மட்டும் நீங்க சொல்லுங்க" என்றாள் அவள். அறையில் ஒரு நாற்காலி குறைந்தது. ஊசி போடும் அறையிலிருந்து ஒன்றை எடுத்துவரச் சொன்னேன்.