கும்பிட்ட கை ஏன் நடுங்குகிறது?

பெங்களூரு அல்சூரில் என் ஆலோசனை அறைக்கு வந்த அம்மா, உட்காரும் முன்பே கேட்டார்: "முருகனைக் கும்பிட்டுட்டுத்தான் மேடம் ஆடப் போறா. அப்புறமும் கை நடுங்குது. பக்தி பத்தலையோ?" பக்கத்தில் 15 வயது மகள், மடியில் பேட்மின்டன் மட்டையோடு, தலை நிமிராமல் இருந்தாள். (ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நடுக்கத்தை வைத்துப் பக்தியை அளக்கவே கூடாது. போட்டி நெருங்கும்போது அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு படபடக்கும், விரல் நடுங்கும். உடம்பு ஆட்டத்துக்குத் தயாராகும் விதம் அது.

அவளுக்கு ஒரு காணொளி காட்டினேன். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகச் சதுரங்கப் பட்டத்துக்கான 14ஆவது ஆட்டம். 55ஆவது நகர்த்தலில் அப்போதைய சாம்பியன் டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்துவிட்டார். எதிரே நம் சென்னைப் பையன் குகேஷ், 18 வயது. அதே தொடரில் முதல் ஆட்டத்தையும் 12ஆவது ஆட்டத்தையும் தோற்றிருந்தவர். பட்டம் கைக்கெட்டிய அந்த நிமிடத்திலும் துள்ளவில்லை. மிச்ச நகர்த்தல்களை ஆடி முடித்தார். டிங் தோல்வியை ஒப்புக்கொண்ட பிறகு குகேஷ் பொங்கிப் பொங்கி அழுதார். கலங்கிய கண்ணோடே காய்களை அதனதன் கட்டத்தில் திரும்ப அடுக்கினார்.

"இவ்ளோ அழுவாங்களா?" என்றாள். 'சாம்பியன் அழக்கூடாது' என்று கேட்டே வளர்ந்த பிள்ளை. அம்மா ஒன்றும் பேசவில்லை.

வேண்டுதலைப் பற்றிக் கேட்டேன். "'ஜெயிக்க வை'ன்னு கும்பிடுவேன். அஞ்சு பாயிண்ட் போச்சுன்னா முருகன் கைவிட்டுட்டார்னு தோணும்." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒவ்வொரு புள்ளியிலும் இந்தப் பிள்ளை இரண்டு தோல்விகளைச் சுமந்திருக்கிறாள்.

சாமியை எப்படிக் கும்பிடுவது என்று சொல்லித்தருவது என் வேலை இல்லை. மூச்சைச் சொல்லித்தரலாம். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடும், விடும்போது குறையும். அதனால் சர்வீஸுக்கு முன் ஒரு நீண்ட வெளிமூச்சு. அந்த மூச்சோடு 'முருகா' என்று சேர்த்துக்கொண்டது அவளே. சில வாரங்களில் வேண்டுதலும் 'கூட இரு' என்று மாறியிருந்தது.

தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் நாட்கள் ஓடினால் மூச்சுப் பயிற்சி போதாது. பெங்களூரு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்குப் போகலாம். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மனாஸ் எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். கோவிலுக்குப் போவதை அதற்காக நிறுத்த வேண்டியதில்லை.

போன மாதம் அந்த அம்மா போன் செய்தார். "காலிறுதியில தோத்துட்டா மேடம். கடைசி பாயிண்ட் வரைக்கும் நல்லா ஆடினா. ஆட்டோல வரும்போது அழுதா. நான் ஒண்ணும் சொல்லல, தோள்ல சாச்சுக்கிட்டேன்."