"பேரு எழுதணுமா மேடம்?"

பல்கலைக்கழகத்தில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். மாணவர்களுக்கென்று ஏற்படுத்திய பணியிடம். ஆனால் என் கதவைத் தயங்கித் தட்டுபவர்களில் ஊழியர்களும் உண்டு.

ஒரு மதியம் அலுவலகப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தார். கையில் ஒரு ஃபைல். யாராவது கேட்டால் கையெழுத்து வாங்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். மேசையில் விரிந்து கிடந்த வருகைப் பதிவேட்டைப் பார்த்ததும் நின்றபடியே கேட்டார்: "பேரு எழுதணுமா மேடம்?"

அவர் கணவருக்கும் அதே வளாகத்தில்தான் வேலை. அந்தப் பக்கத்தில் முன்பு வந்தவர்களின் பெயர், துறை, கைப்பேசி எண் எல்லாம் வரிசையாக இருந்தன. அன்று அவர் எதுவும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டார். தவறு என்னுடையது. மறுநாளே நோட்டை எடுத்து அலமாரியில் பூட்டினேன். அவர் மறுபடி வர மூன்று வாரம் ஆனது.

இப்போது யார் வந்தாலும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: என்னிடம் பேசுவது புகார் கொடுப்பது ஆகாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றி, 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுதிக் கொடுத்தால் விசாரணை தொடங்கும். புகாரின் நகல் எதிர்த்தரப்புக்குப் போகும். விவரங்களை வெளியே விடக்கூடாது என்று அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனாலும் குழுவில் உள்ளவர்களுக்குத் தெரியத்தான் செய்யும். அதற்குத் தயாரா என்பதை அவரே யோசித்து முடிவெடுக்கட்டும். நான் ரகசியம் காக்க முடியாத இடங்களையும் மறைப்பதில்லை. உயிருக்கு ஆபத்து என்றாலோ, குழந்தைக்குப் பாலியல் வன்கொடுமை நடப்பது தெரிந்தாலோ நான் சும்மா இருக்க முடியாது. இரண்டாவதற்கு போக்சோ சட்டமே தகவல் சொல்லக் கட்டாயப்படுத்துகிறது.

வீட்டில் அடி வாங்கிவிட்டு வேலைக்கு வருபவருக்கு அந்தக் குழு பயன்படாது. அதற்கு 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. கணவர் அவருடைய பணியிடத்துக்குள் நுழையக்கூடாது, போனில்கூடத் தொடர்புகொள்ளக்கூடாது என்று நடுவர் (மாஜிஸ்திரேட்) உத்தரவிட அதன் 18ஆம் பிரிவில் இடமுண்டு. படித்த பேராசிரியைகளுக்கே இது தெரிவதில்லை. சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். பெண்களுக்கான உதவி எண் 181-ஐ எந்த நேரமும் அழைக்கலாம். பேசி முடித்ததும் அந்த அழைப்பை போனிலிருந்து அழித்துவிடுங்கள் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

அந்தப் பெண்ணுக்கு முதலில் தேவைப்பட்டது வக்கீல் இல்லை. அவருடைய ஏடிஎம் கார்டு கணவரிடம் இருந்தது. புதிய வங்கிக் கணக்கு தொடங்கி, சம்பளத்தை அதில் போடும்படி சம்பளப் பிரிவில் ஒரு விண்ணப்பம் கொடுத்தார். காரணம் எழுத வேண்டியிருக்கவில்லை. விடுப்புக் கடிதத்திலும் அப்படித்தான், 'சொந்த வேலை' என்ற இரண்டு வார்த்தை போதும். அதற்கு மேல் கிளறாத துறைத்தலைவர் பெரிய உதவி செய்கிறார்.

அப்புறம், துறை அலுவலகத்தில் போன் எடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். "அவங்க இன்னைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவாங்க?" என்று கேட்பவர் கணவராகவே இருந்தாலும் நேரத்தைச் சொல்லாதீர்கள். "தகவல் சொல்லிடறேன் சார்" என்று வைத்துவிட்டு, அந்த ஊழியரிடம் மட்டும் தனியாகப் போய்ச் சொல்லுங்கள்.