ஒளிப்பட அளவை: ‘முப்பரிமாண ஒளிப்படக்கலை’ அன்று

ஒரு பொருளைப் பல கோணங்களில் ஒளிப்படம் எடுத்து, அந்தப் படங்களிலிருந்தே அதன் உருவத்தை அளந்து கணினியில் மாதிரியாக்கும் முறை ஃபோட்டோகிராமெட்ரி. அதற்கு ‘முப்பரிமாண ஒளிப்படக்கலை’ என்று தமிழ் எழுதும் பழக்கம் பரவிவிட்டது. அசைவூட்டமும் கணினி விளையாட்டு வடிவமைப்பும் பயிலும் மாணவர்கள் தங்கள் முதல் மாதிரிகளை இணையத்தில் கலைஞர்களின் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்கும்போது தலைப்பிலேயே இந்தத் தொடர் நிற்கிறது. அண்மையில் ஒரு சுடுமண் குதிரையின் மாதிரிக்கு மேலே மறுபடியும் அதைப் படித்தேன். குதிரையின் வயிறும் கால்களின் உட்புறமும் உருவமே இல்லாமல் குழம்பிக் கிடந்தன. வந்திருந்த பதில்களோ ‘ஒளி அழகு’, ‘வண்ணம் அருமை’ என்றே இருந்தன. அந்த மாணவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒளிப்படக்கலை என்று சொல்லிக்கொடுத்தால் ஒளிப்படக்கலையைத்தான் செய்வார்கள். பார்ப்பவர்களும் நல்ல ஒளிப்படத்தைப் பாராட்டுவதுபோல் பாராட்டிவிட்டுப் போவார்கள்.

சொல்லின் பிறப்பில் சிக்கல் ஏதும் இல்லை. கிரேக்கத்தில் ‘ஃபோஸ்’ என்றால் ஒளி. ‘கிரம்மா’ என்றால் வரையப்பட்டது, எழுதப்பட்டது. ‘மெட்ரோன்’ என்றால் அளவு. முதல் இரண்டும் சேர்ந்தால் ஒளிப்படம். மூன்றாவது, அதைக் கொண்டு அளப்பது. ஆகவே ஒளிப்பட அளவை.

இந்தப் பெயரை 1867இல் அச்சில் கொண்டுவந்தவர் பிரஷ்யக் கட்டடக் கலைஞர் ஆல்பிரெக்ட் மைடன்பவர். அதற்கு முன், 1858இல், வெட்ஸ்லார் நகரத்துப் பெரிய தேவாலயத்தை அளக்கப் போனவர் உயரத்திலிருந்து தவறி விழப் பார்த்து, மயிரிழையில் தப்பினார். உயிரைப் பணயம் வைத்துச் சுவரில் தொற்றி அளப்பதற்குப் பதிலாகச் சுவரின் படத்திலேயே அளந்துவிட முடியாதா என்று அவர் கேட்டுக்கொண்டதிலிருந்து இந்தத் துறை வளர்ந்தது. 1885இல் பெர்லினில் இதற்கென்றே ஓர் அரசு நிறுவனம் அவர் முயற்சியால் தோன்றியது. அதன் பெயரில் இருந்த ஜெர்மன் சொல் ‘மெஸ்பில்ட்’, அதாவது அளவைப் படம். அவருக்கும் முன்பாக, 1849 முதல், பிரெஞ்சு இராணுவப் பொறியாளர் எமே லோசெதா ஒளிப்படங்களிலிருந்து நிலப்படம் வரையும் முயற்சியில் இருந்தார். அவர் ஆண்ட பெயர் ‘மெத்ரோஃபோட்டோகிராஃபி’. பிரெஞ்சுக்காரர் அளவை முன்னால் வைத்தார், ஜெர்மானியர் பின்னால் வைத்தார். கைவிட்டது நம் மொழிபெயர்ப்பாளர்தான்.

‘முப்பரிமாண ஒளிப்படக்கலை’ என்ற தொடரில் மூன்று பிழைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையில் கெடுதல் செய்கிறது.

முதலாவது, அந்தப் பெயருக்கு ஏற்கெனவே உரிமையாளர் உண்டு. ஒரே காட்சியைச் சற்றே இடம் மாற்றி இரு படங்களாக எடுத்து, இரு கண்களுக்கும் தனித்தனியே காட்டினால் ஆழம் தெரியும். ஆங்கிலேய அறிவியலாளர் சார்லஸ் வீட்ஸ்டன் இதை 1838இலேயே ஸ்டீரியோஸ்கோப் என்ற தம் கருவியில் வரைபடங்களை வைத்து விளக்கிவிட்டார். பின்னர் ஒளிப்படங்கள் அந்தக் கருவிக்குள் வந்தன. வட்டத் தகட்டைச் செருகிக் கண்ணில் வைத்துப் பார்க்கும் வியூ மாஸ்டர் நம் வீடுகளிலும் பலருக்குப் பழக்கமானது. முப்பரிமாண ஒளிப்படம் என்றால் அதுதான். அங்கே ஆழம் பார்ப்பவருடைய மூளையில் தோன்றுகிறது. ஒரு புள்ளியின் நீள அகல உயரங்களை யாரும் எண்ணாக எழுதித் தருவதில்லை. ஒளிப்பட அளவையில் கிடைப்பதோ அந்த எண்கள்தான்.

இரண்டாவது, ‘முப்பரிமாண’ என்பது விளைவின் பெயர், முறையின் பெயர் அன்று. இதே மாதிரியை லேசர் கருவியாலும் பெறலாம். கையால் களிமண்ணைப் பிசைவதுபோல் கணினியில் செதுக்கியும் பெறலாம். பெயர் வைக்கும்போது இந்த முறைக்கு மட்டும் உரியது எதுவோ அதைத்தான் பிடிக்க வேண்டும். இங்கே அது இரண்டு சொற்களில் அடங்குகிறது: மூலப்பொருள் ஒளிப்படம், செய்யும் வேலை அளத்தல்.

மூன்றாவதுதான் மாணவர்களை நேராகக் கெடுப்பது: ‘கலை’ என்ற ஒட்டு. ஒளிப்படக் கலைஞர் பின்னணியை மங்கலாக்குவார், பக்கவாட்டு வெயிலுக்குக் காத்திருப்பார், நிழலை விளையாடவிடுவார். ஒளிப்பட அளவைக்கு இவை எல்லாம் நஞ்சு. மென்பொருள் ஒரு படத்தில் கண்ட புள்ளியை அடுத்த படத்திலும் அதற்கடுத்த படத்திலும் தேடிக் கண்டுபிடிக்கிறது. அந்தப் புள்ளி படங்களுக்கிடையே எவ்வளவு நகர்ந்தது என்பதிலிருந்து கேமரா எங்கெங்கே நின்றது, வில்லை (லென்ஸ்) படத்தை எவ்வளவு வளைத்துக் காட்டுகிறது, புள்ளி முப்பரிமாண வெளியில் எங்கே இருக்கிறது என எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. மங்கிய இடத்தில் புள்ளி கிடைக்காது. நிழல் நகர்ந்தால் புள்ளியும் பொய்யாக நகரும். அதனால்தான் மேகம் மூடிய நாள் இந்த வேலைக்கு நல்ல நாள். வில்லையில் ஒளி நுழையும் துளையான அபர்ச்சரைச் சுருக்கி முன்னும் பின்னும் ஒரேபோல் தெளிவாக எடுப்பது நல்ல படம். விமானப் படங்களில் அடுத்தடுத்த படங்கள் 60 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று கவிய வேண்டும் என்பது பழைய விதி. கைக்கேமராவால் ஒரு சிலையைச் சுற்றி வரும்போது அதைவிடக் கூடுதலாகவே கவிய வேண்டும். அந்தச் சுடுமண் குதிரையின் வயிறு குழம்பியதற்கு வேறு மர்மம் இல்லை. தரையோடு குனிந்து மேல்நோக்கி எடுத்த படங்கள் இருந்திருக்காது, இருந்தவையும் இருட்டாக இருந்திருக்கும். அழகான கோணங்கள் எல்லாம் நின்ற உயரத்திலேயே கிடைத்துவிட்டன. கலை என்று நம்பியவர் ஏன் குனிய வேண்டும்?

‘கலைஞர்களுக்கு அளவு எதற்கு? அது சர்வேயர்களின் கவலை’ என்பது இந்தத் தொடரை ஆதரிப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். இதை நான் ஏற்கவில்லை. கலைஞர் நாடாவை எடுக்காவிட்டாலும் மென்பொருள் ஒவ்வொரு நொடியும் அளந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தக் கணக்கு பிசகினால் கலைஞருடைய குதிரைக்குத்தான் வயிறு இருக்காது. தவிரவும், படங்களை மட்டும் வைத்துப் பிறக்கும் மாதிரிக்கு உருவம் உண்டு, உண்மை அளவு கிடையாது. நீளம் தெரிந்த ஒரு கோல் படத்துக்குள் இல்லாவிட்டால் கூழாங்கல்லும் குன்றும் அங்கே ஒரே மாதிரிதான். விளையாட்டின் தெருவில் கதவுக்கு அருகே ஒரு கல்லை வைக்க விரும்பும் கலைஞருக்கு அந்தக் கல் முழங்காலளவா, ஆளுயரமா என்று தெரிந்தாக வேண்டாமா?

பாமியான் புத்தரின் கதையையும் சொல்ல வேண்டும். ஆப்கானிஸ்தானின் அந்தப் பெரிய சிலை 2001 மார்ச்சில் தகர்க்கப்பட்டது. பின்னர் சூரிச் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்மின் குரூன் குழுவினர் பழைய படங்களிலிருந்து அதைக் கணினியில் மீட்டனர். இணையத்தில் கிடைத்த சாதாரணப் படங்களையும் பயன்படுத்திப் பார்த்தார்கள். ஆனால் நம்பத்தக்க, நுணுக்கமான மாதிரி கிடைத்தது 1970இல் ஆஸ்திரியப் பேராசிரியர் ராபர்ட் கோஸ்ட்கா அளவைக் கேமராவால் எடுத்துவைத்திருந்த படங்களிலிருந்துதான். அளப்பதற்கென்றே எடுத்த படத்துக்கும் பார்ப்பதற்காக எடுத்த படத்துக்கும் உள்ள வேற்றுமை இவ்வளவு பெரிது. இதை மறைக்கும் பெயரை எப்படி நல்ல தமிழ் என்பது?

மற்றப் போட்டிச் சொற்களைச் சுருக்கமாகவே பார்க்கலாம். ‘ஒளியளவியல்’ என்று எழுதுகிறவர்கள் நடுவிலுள்ள ‘பட’த்தை விழுங்கிவிடுகிறார்கள். அது ஒளியின் செறிவை அளக்கும் ஃபோட்டோமெட்ரி. முற்றிலும் வேறு துறை. ‘ஒளிப்பட ஸ்கேன்’ பேச்சுக்குப் போதும், ஆனால் ஸ்கேன் கருவி தானே ஒளியை வீசித் தொலைவை அறியும் முறையையும் வெறும் படத்தை வைத்து அறியும் இந்த முறையையும் ஒன்றாகக் கலந்துவிடும். ‘ஒளிப்பட அளவையியல்’ என்பது எனக்கு மிக நெருக்கமான சொல், இருந்தும் தயங்குகிறேன். அளவையியல் என்றால் நம் மரபில் தருக்கம். மணிமேகலை சந்திக்கும் அளவைவாதி எதையும் முழம் போட்டு அளந்தவர் அல்லர். அறிவது எப்படி என்று வாதிட்டவர். இலங்கையில் உயர்தர வகுப்பு மாணவர்கள் ‘அளவையியலும் விஞ்ஞான முறையும்’ என்று ஒரு பாடமே படிக்கிறார்கள். ‘இயல்’ ஒட்டாமல் விட்டால் குழப்பம் இல்லை. நில அளவை என்று சொன்னால் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் எந்த உழவரும் தருக்கத்தை நினைப்பதில்லை. அதே அச்சில்தான் ஒளிப்பட அளவை. அதிலிருந்து வான்வழி ஒளிப்பட அளவை, அண்மை ஒளிப்பட அளவை, ஒளிப்பட அளவையாளர் என்று தடையின்றிக் கிளைக்கும். ஒளிப்படத்துக்குப் பதில் நிழற்படம் என்பவர்கள் நிழற்பட அளவை என்று சொல்லட்டும். எனக்கு வழக்கு இல்லை. ஃபோட்டோகிராமெட்ரி என்று அப்படியே எழுதுவதும் தவறான தமிழைவிட நூறு மடங்கு மேல்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள மனத்தாங்கல் இந்த ஒரு சொல்லோடு முடியவில்லை. இத்துறையின் சொற்களை மென்பொருளைத் திறந்தே பார்க்காதவர்கள் ஆக்குகிறார்கள். கிளவுட் என்றால் மேகம் என்று எங்கோ படித்துவிட்டு, கோடிக்கணக்கான புள்ளிகள் திரண்டு நிற்பதைப் ‘புள்ளி மேகம்’ என்கிறார்கள். புள்ளித்திரள் என்றால் பார்த்தவுடன் விளங்குமே. மாதிரியின் மேல் போர்த்தும் வண்ணப்படத்தை ‘இழையமைப்பு’ என்கிறார்கள். கல்லின் முகத்தில் இழை எங்கிருந்து வந்தது? மேற்பரப்புப் படம் என்று எழுத என்ன தடை? அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டுவதும், எந்தப் புதுமையைக் கண்டாலும் முன்னால் ‘முப்பரிமாண’ என்று சேர்ப்பதும் மொழிபெயர்ப்பு ஆகாது. தனித்தமிழ் என்ற பெயரில் இது நடக்கும்போது எனக்கு இருமடங்கு கோபம் வருகிறது. தூய்மை என்பது வடசொல்லையும் ஆங்கிலத்தையும் விலக்குவது மட்டுமா? பொருள் பிசகாமல் சொல்வதும் தூய்மைதான்.

‘பின்னூட்டம்’ என்ற சொல்லும் இங்கே தேய்ந்துபோயிருக்கிறது. வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்கே திருப்பி அடுத்த வெளியீட்டைச் சீர்செய்வது அதன் பொறியியல் பொருள். அடுத்த மாதிரியை எதுவும் மாற்றாத ‘அருமை’யை அந்தப் பெயரால் அழைக்கக் கூடாது. குறை கேட்கிறேன், திருத்தம் கேட்கிறேன் என்று மாணவர்கள் வெளிப்படையாக எழுதலாம். முடிந்த மாதிரியின் ஒரு படத்தை மட்டும் வைத்துக் கேட்டால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. எத்தனை படங்கள், என்ன வில்லை, ஒன்றன்மேல் ஒன்று எவ்வளவு கவிந்தது, ஒளி எங்கிருந்து வந்தது, கேமரா சுற்றி வந்ததா அல்லது பொருள் சுழல்மேடையில் சுற்றியதா என்று எழுத வேண்டும். பொருள் சுழன்று பின்னணி அசையாமல் நின்றால் மென்பொருள் பின்னணியைப் பிடித்துக்கொண்டு கேமரா நகரவே இல்லை என்று முடிவுகட்டிவிடும். அந்தப் பிழையை ஒரே பார்வையில் சொல்லக்கூடியவர்கள் அங்கே இருக்கிறார்கள். மேற்பரப்புப் படத்தை நீக்கிய வெறும் வடிவத்தையும் காட்ட வேண்டும், ஏனென்றால் நல்ல வண்ணம் மோசமான வடிவத்தை மறைத்துவிடும். எண்ணெய் மின்னும் கருங்கல் சிலையை எடுத்திருந்தால் அதைத் தவறாமல் குறிப்பிடுங்கள். பளபளப்பு கேமராவோடு சேர்ந்து நகர்வதால் அது இத்துறையில் மிகக் கடினமான பொருள்களில் ஒன்று. ஒளிக்கும் கேமராவுக்கும் முனைவாக்கும் வடிகட்டிகளை (போலரைசர்) ஒன்றுக்கொன்று குறுக்காகப் பொருத்திப் பளபளப்பை அடக்கும் வழியை யாராவது சொல்லித்தருவார்கள். சிலையின் அருகே நீளம் தெரிந்த ஓர் அளவுகோலையும் வைத்துவிட்டுப் படம் எடுக்கத் தொடங்குங்கள்.