எலி மருந்து வாங்கும் முன் கூண்டைப் பாருங்கள்

பொள்ளாச்சி, பாலக்காடு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கமெல்லாம் தென்னந்தோப்புக்குள் வீடு, வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூண்டு. கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள என்னிடம் வருகிறவர்கள் கிளம்பும்போதுதான் இதைக் கேட்பார்கள்: "ஏனுங்க டாக்டர், எலிக்கு எந்த மருந்துங்க நல்லாக் கேக்கும்?" நான் மருந்துப் பெயர் சொல்வதில்லை. ராத்திரி தீவனத் தட்டை எங்கே வைக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். அநேகமாகக் கூண்டுக்குள்ளேயே இருக்கும்.

எலி வருவது அந்தத் தட்டுக்குத்தான். வந்த இடத்தில் குஞ்சும் முட்டையும் அகப்பட்டால் அதையும் விடாது. வளர்ந்த எலி ஒரு நாளைக்கு 15 முதல் 30 கிராம் வரை தின்னும். அதன் மூத்திரமும் புழுக்கையும் பட்டு வீணாகிற தீவனம் தனிக்கணக்கு. கோழிக்கு இருட்டில் கண் தெரியாது, அடைந்தபின் இரை எடுக்காது. அப்படியானால் விடியவிடியத் தட்டில் கிடக்கிற குருணையும் கம்பும் யாருக்கு? பொழுது சாயும்போது தட்டை எடுத்துவிடுங்கள். கீழே சிந்தியதையும் வாரிவிடுங்கள். தீவன மூட்டையை அப்படியே சாத்தி வைக்காமல் மூடி போட்ட தகர டிரம்மில் கொட்டி வையுங்கள். பிளாஸ்டிக் டிரம்மை எலி கடித்துத் துளைத்துவிடும். இதை விட்டுவிட்டு எலியைப் பிடித்துக்கொண்டே இருந்தால் தீராது. 3 வாரத்தில் குட்டி போடுகிற பிராணி அது, ஒரு ஈற்றுக்கு ஐந்தாறு குட்டி, அந்தக் குட்டிகள் இரண்டு மூன்று மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும்.

குஞ்சு காணவில்லை என்றதும் பழியை எலி மேலேயே போட வேண்டாம். ஒரே ராத்திரியில் நாலைந்து பெரிய கோழி கழுத்துக் கடிபட்டுக் கிடந்தால் மரநாயைச் சந்தேகியுங்கள். பகலில் நடந்திருந்தால் கீரியாக இருக்கலாம். எலி சின்னக் குஞ்சைத்தான் இழுத்துப் போகும், வளையைத் தோண்டினால் மிச்சம் கிடைக்கும். பெரிய கோழிகளின் கால்விரலில் கடித்த காயம் இருந்தால் அதுவும் எலியின் வேலைதான். புழுக்கையையும் பாருங்கள். அரிசி அளவு இருந்தால் சுண்டெலி, அரை அங்குலத்துக்கு மேல் என்றால் பெரிய எலி. கூண்டோரம் மண்ணைக் குவித்து வளை தோண்டியிருந்தால் பெருச்சாளி.

வலை விஷயத்தில்தான் காசு அதிகம் வீணாகிறது. கடையில் கோழிவலை என்று தருகிற அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே நிறுத்தும், எலியை வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) வாங்குங்கள். பென்சில் நுழைகிற சந்து இருந்தால் சுண்டெலிக்குப் போதும், ஆகவே குஞ்சுக் கூண்டுக்குக் கால் அங்குலக் கண்ணே நல்லது. பெருச்சாளி அடியில் தோண்டி வரும். வலையை ஒரு அடி ஆழம் புதைத்து, நுனியை வெளிப்பக்கமாக இன்னொரு அடி மடக்கிவிட்டால் தோண்டுகிற இடத்தில் கம்பி தட்டும். கால் வைத்த கூண்டு என்றால் ஒவ்வொரு காலிலும் தகரத்தைப் புனல் மாதிரி கவிழ்த்துக் கட்டலாம். கூண்டுக் கூரையில் தென்னை மட்டை உரசிக்கொண்டிருந்தால் இதெல்லாம் செய்தும் பயனில்லை. நம் பக்கத்துக் கூரை எலி தென்னங்குருத்திலேயே கூடு கட்டிக் குடியிருக்கும், மட்டை வழியாக இறங்கிவிடும். மட்டையை வெட்டுங்கள், மரத்திலும் வழவழப்பான தகரப்பட்டை சுற்றுங்கள். கொடாப்பில், அதாவது கவிழ்த்து மூடுகிற கூடையில், குஞ்சு மூடுகிறவர்கள் ராத்திரிக்கு மண்தரையில் வைக்காமல் சிமெண்ட் தரைக்கு மாற்றிவிடுங்கள்.

சரி, மருந்துக்கு வருவோம். கறுப்புப் பொடியாக வருவது துத்தநாக பாஸ்பைடு. வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் வாயுவாக மாறிக் கொல்லும், மாற்று மருந்து கிடையாது. கோழிக்கும் அதே கதிதான். இப்படிச் செத்த கோழியை அறுத்துப் பார்க்கும்போது இரைப்பையிலிருந்து பூண்டு வாடை அடிக்கும். அந்த வாயு நமக்கும் ஆபத்து என்பதால் கதவு ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் அறுப்போம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட் மனிதர்களின் கல்லீரலை அழித்துவிடும், குழந்தைகள் உள்ள வீட்டில் அது இருக்கவே கூடாது. கேக் வடிவில் வருகிற புரோமடியோலோன் ரத்தம் உறையவிடாமல் செய்து சில நாள் கழித்துக் கொல்லும். அந்தச் சில நாளில் தள்ளாடி நடக்கிற எலியைப் பூனையோ கூகையோ பிடித்தால் அவற்றுக்கும் விஷம் ஏறும். கோழியும் சுண்டெலியைக் கொத்தித் தின்னும், இதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. அந்தக் கோழியின் முட்டையை யார் சாப்பிடுவது? நாய் கேக்கைத் தின்றுவிட்டால் பல்லீறில் ரத்தம் வரும்வரை காத்திருக்காமல் உடனே கொண்டு வாருங்கள். இதற்கு மட்டும் வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து இருக்கிறது.

கோழி மேய்கிற இடத்துக்குப் பொறிதான் சரி. பெரிய எலி புதுப் பொருளைக் கண்டால் சில நாள் ஒதுங்கிப் போகும். வைத்த அன்றே விழவில்லை என்று பொறியை இடம் மாற்றாதீர்கள். முதல் சில ராத்திரி பொறியை மாட்டாமல் இரையை மட்டும் வைத்துப் பழக்குங்கள், அப்புறம் மாட்டலாம். சுவரோரமாக, அது ஓடுகிற தடத்திலேயே வையுங்கள். சுட்ட தேங்காய்ச் சில்லு, கருவாடு இரண்டும் நன்றாக வேலை செய்யும். மசால் வடையும் கேட்கும், ஆனால் அதற்கு வீட்டுக்குள்ளேயே போட்டி அதிகம். பிடித்த எலியைப் பக்கத்துத் தோப்பில் விடுவது நியாயமில்லை, அது திரும்பியும் வரும்.

மழைக்காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். வரப்பு வளைகளில் தண்ணீர் ஏறினால் எலிகள் வீட்டுப் பக்கம் வரும், அவற்றின் மூத்திரம் சேற்றில் கலக்கும். எலிக்காய்ச்சல் கிருமி தோலில் உள்ள வெட்டுக்காயம், கால் வெடிப்பு வழியாக உள்ளே போய்விடும். 2018 வெள்ளத்தின்போது கேரளத்தில் மீட்பு வேலைக்குப் போனவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தது இதற்காகத்தான். கூண்டைச் சுத்தம் செய்யும்போது பூட்ஸ், கையுறை போடுங்கள். புழுக்கையைக் காய்ந்தபடி கூட்டாமல், கோழிகளை வெளியே விட்டுவிட்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் தெளித்து ஊறவிட்டு வழியுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் கடையில் மாத்திரை வாங்கி ஓட்ட வேண்டாம். பொள்ளாச்சி போனாலும் பாலக்காடு போனாலும், எலி நடமாடுகிற கூண்டைக் கழுவியதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எந்த ரத்தப் பரிசோதனை எழுதுவது என்று முடிவு செய்ய அது அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.