சுருக்கெழுத்து: சுருங்குவது எது?

இதழியல் படிக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பாடக்குறிப்புகளில், பேசுவதைச் சிறு கோடுகளாக வேகத்தோடு எழுதிக்கொள்ளும் ஷார்ட்ஹேண்ட் என்பதற்கு நேராக ‘சுருக்கக் குறிப்பு’ என்று போட்டிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். மேடைகளிலும் “செய்தியாளர் சுருக்கக் குறிப்பு எடுக்கப் பழக வேண்டும்” என்கிறார்கள். அண்மையில் நாகர்கோவிலில் நடந்த ஒரு பயிலரங்கிலும் இதையே கேட்டேன். இது தவறு, சுருக்கெழுத்து என்பதே சரி. கற்க வேண்டிய கலையையே வேறொன்றாக மாற்றிவிடுகிற தவறு என்பதால்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

சொல்லின் பிறப்பை வேகமாகப் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் ‘ஹேண்ட்’ என்பதற்குக் கையால் எழுதும் எழுத்து என்ற பொருளும் உண்டு. வழக்கமாக எழுதுவது லாங்ஹேண்ட், கோடுகளைக் குறைத்து எழுதுவது ஷார்ட்ஹேண்ட். ஸ்டெனோகிராபி கிரேக்க வேர் கொண்டது. ஒடுங்கிய எழுத்து என்று பொருள். பழைய ரோமில் சிசரோ என்ற பேச்சாளரின் செயலராக இருந்த டைரோவின் பெயரிலேயே ஒரு பழைய முறை வழங்கியது. ஐசக் பிட்மன் தன் முறையை 1837இல் வெளியிட்டார், ஜான் ராபர்ட் கிரெக் 1888இல். பிரிட்டனில் செய்தியாளர்கள் பெரும்பாலும் கற்கும் டீலைன், ஜேம்ஸ் ஹில் 1968இல் கொண்டுவந்தது.

சரி, ‘சுருக்கக் குறிப்பு’ என்றால் என்ன தவறு? குறிப்பு என்றாலே தேர்ந்தெடுத்தது என்று அர்த்தம். ஒருவர் பத்து நிமிடம் பேசியதில் முக்கியமானது எது என்று கேட்பவர் முடிவுசெய்து நாலு வரியில் எழுதிக்கொள்வது குறிப்பு. அதையும் சுருக்கினால் இரண்டு வரி. நன்னூல் பத்து அழகில் முதலாவதாகச் சொல்லும் ‘சுருங்கச் சொல்லல்’ இந்த வகையைச் சேர்ந்தது. அங்கே சுருங்குவது பேச்சு. ஷார்ட்ஹேண்டில் பேச்சிலிருந்து ஒரு சொல்கூடக் குறையக் கூடாது. எழுதும் கோடுதான் குறைகிறது.

பிட்மன் முறையைப் பாருங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலை அது தூக்கிப் போட்டுவிடுகிறது. காதில் விழும் ஒலியைத்தான் எழுதுகிறது. ‘ப’ ஒலிக்கு ஒரு மெல்லிய சாய்கோடு. அதே கோட்டை அழுத்தி எழுதினால் ஆங்கில ‘பி’யின் அதிர்வொலி. உயிரொலிகள் புள்ளியாகவும் சிறு கீற்றாகவும் பக்கத்தில் நிற்கும். வேகம் கூடும்போது அவற்றையும் விட்டுவிடலாம், ஏனென்றால் சொல்லைத் தாளில் போட்டிருக்கும் வரிக்கு மேலே எழுதினோமா, வரியின்மேல் எழுதினோமா, வரியை வெட்டி எழுதினோமா என்பதே முதல் உயிர் எது என்று காட்டிவிடும். இவ்வளவு நுட்பமும் எதற்கு? பேசியவர் சொன்னதை அப்படியே பிடித்து வைப்பதற்கு. பிரிட்டனின் பத்திரிகையாளர் பயிற்சித் தேர்வில் இதை எடுப்பவர்களுக்கு நிமிடத்துக்கு 100 சொல்தான் நல்ல தரம். சாரம் போதும் என்றால் அந்தக் கணக்குக்கே வேலையில்லை.

சொல் மாறினால் வேலையும் மாறிவிடுகிறது. கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டத்துக்கு ஒரு மாணவியை அனுப்பினால், ‘சுருக்கக் குறிப்பு’ என்று கற்றவள் “படகு சேதம், நிவாரணக் கோரிக்கை” என்று எழுதிக்கொண்டு வருவாள். கடற்கரைக்காரர் “எனக்க வள்ளம் போச்சு” என்று சொன்ன அந்த ‘எனக்க’ என்னாயிற்று? வள்ளம் எப்படிப் படகாயிற்று? ஒலியை எழுதப் பழகிய கைக்கு ‘எனக்க’ என்பதும் ‘என்னுடைய’ என்பதும் ஒன்றல்ல. நம் குமரி மாவட்டத்துப் பேச்சை அப்படியே பதிவுசெய்ய இதைவிட நல்ல கருவி கிடையாது. போனில் பதிவு செய்யலாமே என்பார்கள். நாகர்கோவில் நீதிமன்றத்துக்குள் அனுமதியில்லாமல் பதிவு செய்து பாருங்கள், தெரியும்.

இன்னொரு கூட்டம் ‘குறுக்கெழுத்து’ என்கிறது. குறுக்கம் என்றால் இலக்கணத்தில் மாத்திரை குறைவதுதானே, ஐகாரக்குறுக்கம், மகரக்குறுக்கம் இல்லையா என்பது அவர்கள் வாதம். படித்தவர்கள் வாதம்தான், ஆனால் நடைமுறையில் நிற்காது. குறுக்குத்தெரு, குறுக்கு விசாரணை என்று இன்று அந்தச் சொல் நெடுக்குக்கு எதிராகப் போய்விட்டது. குறுக்கெழுத்து என்றதும் வாசகர் ஞாயிற்றுக்கிழமைப் புதிர்க் கட்டங்களைத்தான் தேடுவார். ‘குற்றெழுத்து’ என்றும் வைக்க முடியாது. அ, இ, உ, எ, ஒ என்று தொல்காப்பிய காலத்திலேயே அதற்கு ஆள் வந்துவிட்டது. அகராதியில் ஒரு பாதியைக் குறு என்றும் மறுபாதியை எழுத்து என்றும் பார்த்து ஒட்டவைக்கும் மொழிபெயர்ப்பாளர்கள், ஒட்டிய சொல் தமிழில் ஏற்கெனவே என்ன வேலை செய்கிறது என்று ஒரு நிமிடம் பார்ப்பதில்லை. எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இதில்தான்.

‘விரைவெழுத்து’ அவ்வளவு மோசமில்லை. ஆனால் விரைவு என்பது பழகினால் வரும் பயன். முதல் மாதம் மாணவர் தட்டுத்தடுமாறி எழுதுவதும் அதே முறைதான்.

இப்போது ‘சுருக்கு’ என்ற வேரைப் பாருங்கள். பாட்டியின் சுருக்குப்பையில் கயிற்றை இழுத்தால் வாய்தான் ஒடுங்குகிறது, உள்ளே இருக்கும் காசு குறைவதில்லை. நம் கடற்கரையில் பெரிய சண்டைக்கெல்லாம் காரணமான சுருக்குமடி வலையும் அப்படித்தான், வளைத்ததை வெளியே விடாமல் இழுத்து மூடுவது. ‘சுருக்கா வா’ என்று சொல்லும்போது விரைவும் அதே சொல்லுக்குள் வந்துவிடுகிறது. சுருக்கெழுத்து வினைத்தொகை, சுருக்கும் எழுத்து, சுருக்கிய எழுத்து என்று விரியும். சுருங்குவது எழுத்து என்று சொல்லே காட்டிவிடுகிறது. மலையாளத்திலும் ‘சுருக்கெழுத்து’ என்றே வழங்குவதால், 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த நமக்கு இரண்டு பக்கத்திலும் பழகிய சொல் அது. கைவசம் இப்படி ஒன்று இருக்கும்போது புதிதாக எதற்கு?

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தலைப்பெழுத்துகளைச் சேர்த்துச் செய்யும் பெயர்ச் சுருக்கங்களையும் சிலர் சுருக்கெழுத்து என்கிறார்கள். அவற்றுக்குச் ‘சுருக்கக்குறி’ போதும். பழைய பத்திரங்களில் வருடத்துக்கு ௵, மேற்படிக்கு ௸ என்று போட்டிருப்பது அந்த வகை. ஒரு சொல்லுக்கு ஒரு குறி, அவ்வளவுதான். அலுவலகக் கோப்பில் போடும் இனிஷியலுக்குச் ‘சுருக்கொப்பம்’ என்று ஆட்சித்தமிழில் தனிச்சொல்லே உண்டு.

பேச்சில் ‘ஷார்ட்ஹேண்ட் கிளாசுக்குப் போறேன்’ என்று சொல்வதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எழுதும்போது சுருக்கெழுத்து, ஆளுக்குச் சுருக்கெழுத்தாளர், ஸ்டெனோ டைப்பிஸ்டுக்குச் சுருக்கெழுத்துத் தட்டச்சர். அந்த நடு ‘த்’ வேலைவாய்ப்பு அறிவிப்புகளில் பல நேரம் காணாமல் போய்விடுகிறது. அதையும் போட்டு எழுதுங்கள்.